புண்பட்டோன் மனையில் ஒரு யாழ்

புறநானூற்றின் 281ஆம் பாடல் அரிசில் கிழார் பாடியது. போரில் பெரும்புண் பட்டு வீடு திரும்பிய தலைவனைக் காக்க வருமாறு அவன் மனைவி தோழியை அழைக்கிறாள். வீட்டில் இரவ மரத்தின் தழையும் வேப்பந்தழையும் செருகுகிறார்கள். மையிழுது பூசுகிறார்கள். வெண்சிறுகடுகைத் தூவி நறும்புகை எழுப்புகிறார்கள். கூடவே யாழ் ஒலிக்கிறது, பல இசைக்கருவிகள் முழங்குகின்றன, ஆம்பற்குழல் ஊதப்படுகிறது, மணி அடிக்கப்படுகிறது, காஞ்சிப் பண் பாடப்படுகிறது. மருந்து எங்கே முடிகிறது, இசை எங்கே தொடங்குகிறது என்று காட்டும் கோடு எதுவும் அந்த வீட்டில் இல்லை.

குருமடத்தில் இப்பாடலைப் படித்த நாளில் வீரத்தையும் போரையும் பற்றியே பேசினோம். அண்மையில் மீண்டும் எடுத்துப் படித்தபோது வேறொரு கேள்வி எழுந்தது. அந்த வீட்டில் யாழ் மீட்டியவருக்கு என்ன பெயர்? பாணர் என்றால் பாடிப் பரிசில் பெறுகிறவர். மருத்துவர் என்றால் மருந்து தருகிறவர். நோயுற்றவர் அருகே அமர்ந்து, அவருடைய நலம் ஒன்றையே கருதி இசைப்பதைத் தொழிலாகக் கொண்டவரை இன்று இசைச் சிகிச்சையாளர் என்கிறோம். பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயருக்குரிய ஆளாக ஒருவர் எப்போது, எப்படி மாறுகிறார் என்பதை வாசகர்களோடு சேர்ந்து சற்றே எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

இப்படியொரு கேள்வி ஓசூர்ப் பங்குத்தந்தை ஒருவருக்கு ஏன் எழ வேண்டும் என்று சிலர் வியக்கலாம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தொடங்கிய பின் எங்கள் ஊர் இயந்திரங்களின் ஊராயிற்று. 2019இல் மாநகராட்சியும் ஆயிற்று. திருப்பலி நேரத்தைக்கூட ஷிப்டைப் பார்த்தே வைக்க வேண்டியிருக்கிறது. எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி. அதைத் தாண்டினால் பெங்களூரு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும். இங்கே, எங்கள் பாடற்குழுவில் கீபோர்டு வாசிக்கும் பெண் ஒருத்தி, பெங்களூருவில் உளவியல் பட்டம் முடித்த பின் இசைச் சிகிச்சை படிக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அவளுடைய தந்தை ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் ஃபிட்டராக உழைத்தவர். அழுத்து இயந்திரங்களின் இரைச்சலில் ஒரு காது ஏறக்குறைய அடைத்துப்போனவர். ஒரு மாலை என் அறைக்கு வந்து, எனக்கு மறுகாதைக் காட்டி அமர்ந்துகொண்டார்.

"சாமி, பாப்பா ஏதோ மியூசிக் தெரபி படிக்கணுங்குது. அது ஒரு உத்தியோகமா? நாளைக்குச் சம்பந்தம் பேச வர்றவங்க பொண்ணு என்ன வேலை பார்க்குதுன்னு கேட்டா, நான் என்னன்னு சொல்றது?"

அவர் கேட்டது சம்பளத்தைப் பற்றி மட்டுமன்று. தம் மகள் யாராக ஆவாள் என்று கேட்டார். விடை சொல்லச் சில வாரங்கள் தவணை வாங்கிக்கொண்டேன்.

இசையால் நோய் தணிவதைப் பற்றிப் பேச்செடுத்தால் நமக்கெல்லாம் முதலில் நினைவுக்கு வருபவர் தாவீது. 1 சாமுவேல் 16ஆம் அதிகாரத்தை மறையுரைகளில் எத்தனையோ முறை கேட்டிருப்போம். சவுலைத் தீய ஆவி வாட்டும்போதெல்லாம் தாவீது யாழ் மீட்டுவார்; அரசருக்கு ஆறுதல் கிடைக்கும். அங்கே நாம் விரைந்து கடந்துவிடும் ஒரு வரி உண்டு. தாவீதைப் பரிந்துரைக்கும் பணியாளர், யாழ் வல்லவர் என்பதோடு நிறுத்தவில்லை. வீரம் உடையவர், பேச்சில் விவேகம் உடையவர், நல்ல தோற்றம் உடையவர், ஆண்டவர் அவரோடு இருக்கிறார் என்று அடுக்குகிறார். இக்காலத்து நேர்முகத் தேர்வுக் குறிப்பைப் போலவே இருக்கிறது! மனம் கலங்கிய மனிதர் ஒருவர் முன் அமர்த்தப்படுகிறவருக்கு விரல்திறன் மட்டும் போதாது என்பது அந்தப் பணியாளருக்குத் தெரிந்திருக்கிறது.

அதே நூலின் 18ஆம், 19ஆம் அதிகாரங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதே அரசர், அதே யாழ், அதே இளைஞர். இம்முறை சவுல் ஈட்டியை எறிகிறார். தாவீது விலகித் தப்புகிறார். ஈட்டி சுவரில் பாய்கிறது. நம் பொருநராற்றுப்படையோ பாலை யாழைக் கேட்ட வழிப்பறிக் கள்வரும் படைக்கலத்தை நழுவவிடுவர் என்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். யாழால் ஆயுதம் கீழே விழுவதும் உண்டு, ஆயுதம் பறந்து வருவதும் உண்டு. கேட்பவர் உள்ளத்தில் அந்த நாளில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது அது. இந்த இரண்டாம் பாதியை அறியாதவர் நல்ல பாடகராக இருக்கலாம். நோயாளி முன் அமர்வதற்கு அவருக்கு இன்னும் காலம் வேண்டும்.

தமிழகத்தில் இத்துறையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இன்ன நோய்க்கு இன்ன இராகம் என்ற பட்டியலிலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்கு ஒரு மரபும் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் தம் சீடர் தம்பியப்பனின் வயிற்று நோய் தீர அடாணா இராகத்தில் 'பிருஹஸ்பதே' கிருதியை இயற்றியதாகச் சொல்லி வருகிறார்கள். தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) சித்த மருத்துவர். மருந்து விற்று ஈட்டிய பொருளை இசை ஆராய்ச்சிக்குச் செலவிட்டவர். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டவர். மருத்துவமும் இசையும் ஒரே மனிதரில் குடியிருந்தன. ஆயினும் அவரை மருத்துவர் என்றும் இசையறிஞர் என்றும் தனித்தனியாகவே நினைவுகூர்கிறோம். வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன் (1935-2008) சென்னையில் இராக ஆராய்ச்சி மையம் அமைத்து, இசைக்கு நோய் தணிக்கும் ஆற்றல் உண்டு என்பதைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றார். இவர்களுக்கெல்லாம் நாம் கடன்பட்டவர்கள்.

ஆனால் பட்டியலில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் ஊரே அதற்குக் காரணம். நீலாம்பரி கேட்டால் உறக்கம் வரும் என்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலைக்கு வந்து, பத்துப் பேராக ஓர் அறையில் தங்கியிருக்கும் இளைஞருக்கு நீலாம்பரி என்ன செய்யும்? அவருடைய உறக்கம் அவர் தாய் பாடிய மொழியில் இருக்கிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பாட்டிக்குத் தெலுங்குத் தாலாட்டு. இன்னொருவருக்குப் பழைய திரைப்பாட்டு. மற்றொருவருக்கு அதே திரைப்பாட்டு, இறந்துபோன மகனை நினைவூட்டும் கொடுமை. மாத்திரையைப் போல் இராகத்தை எழுதிக் கொடுப்பவர் நோயைப் பார்க்கிறார், நோயாளியை விட்டுவிடுகிறார்.

இதைத் தொழிலாக வளர்த்த நாடுகளின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்தோர் நிறைந்த அமெரிக்க மருத்துவமனைகளில் இசைக்கலைஞர்கள் வாசித்தனர். அரிசில் கிழார் காட்டிய வீடேதான். நோயாளிகளிடம் மாற்றம் தெரிந்தது. ஆனால் நல்ல கலைஞர் எல்லாரும் மருத்துவமனைக்கு ஏற்றவராக இல்லை என்பதும் தெரிந்தது. தனிப்பயிற்சி தேவைப்பட்டது. 1944இல் மிச்சிகனில் முதல் கல்லூரிப் படிப்பு தொடங்கியது. 1950இல் தேசியச் சங்கம் உருவாயிற்று. தகுதிச் சான்று வழங்கும் தனி வாரியம் 1983இல்தான் அமைந்தது. இங்கிலாந்தில் பாப்லோ கசால்ஸிடம் செல்லோ பயின்ற ஜூலியட் ஆல்வின் 1958இல் ஒரு சங்கத்தை நிறுவினார். இசைச் சிகிச்சையாளரை அரசு முறைப்படி பதிவு செய்யத் தொடங்கியது 1997இல். முப்பத்தொன்பது ஆண்டுகள்! ஆல்வின் 1982இலேயே காலமாகிவிட்டார். 'இது ஒரு உத்தியோகமா?' என்று கேட்ட எங்கள் ஃபிட்டர் அப்படியொன்றும் பின்தங்கியவர் அல்லர். இலண்டனிலும் நாற்பது ஆண்டுகள் அதையே கேட்டிருக்கிறார்கள்.

ஒரு மனிதரின் வாழ்வுக்குள் இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதற்கு பால் நார்டாஃப் (1909-1977) நல்ல எடுத்துக்காட்டு. அவர் அமெரிக்க இசையமைப்பாளர், பியானோ கலைஞர், கல்லூரிப் பேராசிரியர். ஐம்பது வயதை நெருங்கும்போது இங்கிலாந்தில் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் வாழ்ந்த சன்ஃபீல்டு இல்லத்துக்குச் சென்றார். அங்கே ஆசிரியராக இருந்த கிளைவ் ராபின்ஸ் (1927-2011) அவரோடு இணைந்தார். 1959இல் தொடங்கிய அந்தக் கூட்டுப்பணிக்காக நார்டாஃப் தம் மேடை வாழ்வை விட்டார். அவர்கள் பதிவு செய்துவைத்த அமர்வுகளுள் எட்வர்டு என்ற சிறுவனுடையது புகழ்பெற்றது. அவன் ஓயாது அலறுகிறான். சிறந்த கலைஞர் எவரும் என்ன செய்வார்? அழுகையை அடக்கும் இனிய மெட்டொன்றை வாசிப்பார். நார்டாஃப் அலறலின் சுரத்தைக் கேட்டு, அதற்கேற்பப் பியானோவை வாசித்தார். குழந்தையின் அலறலே பாட்டின் ஒரு குரலாயிற்று. சிறிது சிறிதாக அவன் அழுகை வாசிப்போடு சுரம் சேரத் தொடங்கியது.

இதைப் படித்த இரவு எனக்கு நம் கிராமத்து ஒப்பாரிப் பாட்டிகள் நினைவுக்கு வந்தார்கள். அழாதே என்று சொல்லுவதில்லை அவர்கள். அழுகையைக் கையில் வாங்கிக்கொண்டு அதற்கு ஓர் அடியும் தாளமும் தருகிறார்கள். இறந்த வீட்டில் நான் செபிக்கத் தொடங்குமுன் அவர்கள் பாதி வேலையை முடித்திருப்பார்கள். எழுதத் தெரியாத அந்தப் பெண்களிடம் நார்டாஃப் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சில செய்திகள் இருந்திருக்கும்.

இத்துறையின் அறிஞருள் ஒருவரான கென்னத் புருஷியா, இசைச் சிகிச்சை என்றால் என்ன என்று வரையறுக்க 1989இல் ஒரு நூல் எழுதினார். 1998இல் அதைத் திருத்தி எழுதினார். 2014இல் மீண்டும் எழுதினார். சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கோ அது நேர்மையாகப்படுகிறது. குருப்பட்டம் ஒரே நாளில் தரப்படுகிறது. பட்டம் பெற்றவர் குருவாவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை எந்தப் பங்கு மக்களைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நம் பக்கத்திலும் விதை முளைத்திருக்கிறது. கர்நாடக இசை பயின்ற முனைவர் சுமதி சுந்தர் சென்னையில் நாதா இசைச் சிகிச்சை மையத்தை நடத்தினார். பின்னர் புதுச்சேரியில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி வளாகத்தில், இசைச் சிகிச்சைக் கல்விக்கும் ஆய்வுக்கும் ஒரு மையம் அவர் தலைமையில் உருவாயிற்று. மருத்துவக் கல்லூரிக்குள் இடம் கிடைத்தது பெரிய செய்தி. அங்கே பயில்வோர் நோயாளியை நாள்தோறும் பார்க்கலாம். மருத்துவரும் செவிலியரும் இவர்களை நாள்தோறும் பார்க்கலாம். எங்களுக்கு அருகில், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் நரம்பு உளவியலாளர் சாந்தலா ஹெக்டே இசைக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் கூடம் ஒன்றை நடத்திவருகிறார். பட்டியலைத் தாண்டிச் செல்லும் முயற்சிகள் இவை.

ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்ல வேண்டும். முன்பு நான் பணியாற்றிய கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பங்கு ஒன்றில் வயது முதிர்ந்த உபதேசியார் ஒருவர் இருந்தார். பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோயிற்று. மனைவியின் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. நோயில்பூசுதல் அளிக்கச் சென்றபோது, கூடியிருந்தவர்கள் பழகிய மாதா பாடலைப் பாடினர். அவரும் பாடினார். சொற்கள் தெளிவாக, ஒன்றும் குறையாமல் வந்தன. வீடே அழுதது. பாடல் முடிந்ததும் மனைவி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். உதடு அசைந்தது, ஒலி வரவில்லை. புதுமை என்றனர் சிலர். நான் செபம் சொல்லி, ஆசி வழங்கித் திரும்பினேன்.

பேசும் ஆற்றல் இழந்தவர் பாட முடிவது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த செய்தி. 1973இல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற மூவர் அதை ஒரு பயிற்சிமுறையாக வகுத்தனர். அன்றாடம் தேவைப்படும் சிறு தொடர் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். 'தண்ணி வேணும்' என்பது போல. அதை ஏற்ற இறக்கத்தோடு மெல்ல இசைப்பார்கள். ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையைத் தட்டுவார்கள். முதலில் இருவரும் சேர்ந்து. பிறகு பாதியில் பயிற்சியாளர் நிறுத்திக்கொள்ள நோயாளி முடிப்பார். நாள்கள் செல்லச் செல்ல இராகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் வெறும் பேச்சில் நிறுத்துவார்கள். எல்லாருக்கும் பலன் தருவதில்லை. மூளையில் எங்கே, எவ்வளவு சேதம் என்பதைப் பொறுத்தது.

அந்த வீட்டில் நாங்கள் எல்லாரும் வியந்தோம். அடுத்த படி என்ன என்பதை அறிந்தவர் ஒருவர் அங்கே தேவைப்பட்டார். இசைச் சிகிச்சையாளர் என்ற பெயரின் பொருள் எனக்கு விளங்கியது அந்த வீட்டை நினைத்தபோதுதான். கவனியுங்கள், அந்தப் பயிற்சியில் இசை குறைந்துகொண்டே போகிறது. பேச்சு திரும்பும் அளவுக்கு இசை விலகி நிற்கிறது. கைதட்டலுக்குப் பழகிய கலைஞருக்கு இது எளிதா?

இதைக் கேட்கவே அந்தப் பெண்ணோடு பெங்களூருவுக்குச் சென்றேன். சிறப்புக் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றிலும் ஒரு மருத்துவமனையிலும் பதினைந்து ஆண்டுகளாக இப்பணி செய்யும் அம்மையார் ஒருவர், வீணை கற்றவர், ஓர் அமர்வில் மூலையில் உட்கார எங்களை அனுமதித்தார். ஏழு வயதுச் சிறுவன் நாற்காலியை உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தான். ஒழுங்கற்ற அடி. அம்மையார் கஞ்சிராவில் அதே ஒழுங்கின்மையைத் திருப்பி அடித்தார். அவன் நிறுத்தினால் இவரும் நிறுத்தினார். வீணை உறைக்குள்ளேயே இருந்தது. இருபது நிமிடம் கழிந்திருக்கும். அவன் நிறுத்திவிட்டு, முதன்முறையாகத் தலையைத் திருப்பி அவர் கையைப் பார்த்தான். அவர் அடிப்பதற்காகக் காத்திருந்தான். அமர்வு முடிந்தது. அவ்வளவுதான். எனக்குச் சற்றே ஏமாற்றமாகக்கூட இருந்தது. அவர் முகத்திலோ பெருவிழா முடிந்த களைப்பும் மகிழ்ச்சியும்.

பிறகு வேப்பமரத்தடிக் கல்லில் அமர்ந்து பேசினோம். தொடக்க ஆண்டுகளில் அவரும் ஒரு குறிப்பேடு வைத்திருந்தாராம். இடப்பக்கம் நோய், வலப்பக்கம் இராகம். ஒருநாள் ஒரு தாய், "எவ்வளவு நல்லாப் பாடுறீங்க மேடம்" என்றபோது உள்ளம் குளிர்ந்து நிமிர்ந்திருக்கிறார். அந்தத் தாயின் குழந்தை இரு காதுகளையும் பொத்திக்கொண்டிருந்தது. அன்று குறிப்பேட்டை மூடினார். அதற்குப் பின் வந்த ஆண்டுகள் இன்னும் கடினமானவை. மருத்துவர்கள் சான்று கேட்டார்கள். அவர்களுக்கு ஈடாகப் பேச வேண்டும் என்று வீணையை வீட்டில் வைத்துவிட்டு, உளவியல் சொற்களையும் மதிப்பெண் தாள்களையும் எடுத்துக்கொண்டு போனார். கச்சேரி நண்பர்கள், இசையை விட்டுவிட்டாள் என்றனர். மருத்துவமனையிலோ பாட்டு டீச்சர் என்றனர். வங்கியில் கணக்குத் தொடங்கும் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தை நிரப்பத் தெரியாமல் வெறுமையாக விட்டுவிட்டு வந்தாராம்.

"யார் மீட்டாங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். மூத்த சிகிச்சையாளர் ஒருவர், என்றார். அமர்வுகளின் ஒலிப்பதிவைக் கேட்டு வாரந்தோறும் கேள்வி கேட்பவர். இங்கே ஏன் வாசித்தாய், அவன் கேட்டானா, உன் மௌனம் உனக்கே பொறுக்கவில்லையா என்று. அவரே இன்னொன்றும் கட்டளையிட்டார்: நாள்தோறும் விடியற்காலையில் ஒரு மணி நேரம், எந்த நோயாளிக்காகவும் இல்லாமல், உனக்காக வீணை வாசி. அதன் பிறகு வீணை மீண்டும் மருத்துவமனைக்குப் போயிற்று. முன்னைவிடக் குறைவாக மீட்டப்பட்டது. புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில், பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் இனிமை தம்மைப் பற்றிக்கொள்கிறதே என்று அஞ்சியதை அம்மையாரிடம் சொன்னேன். "அந்தப் பயம் எனக்கும் வேணும் ஃபாதர். போயிடுச்சுன்னா நான் திரும்பக் கச்சேரிக்காரி ஆயிடுவேன்" என்று சிரித்தார்.

வார்டு ஒன்றில் அன்றன்று பணியிலுள்ளோர் பெயரை வெண்பலகையில் எழுதுவது வழக்கமாம். மருத்துவர், இயன்முறை மருத்துவர், உணவு ஆலோசகர் என்ற வரிசையின் கீழே ஒரு காலையில் செவிலியர் ஒருவர் கன்னடத்தில் இவர் பெயரையும் தொழிலையும் எழுதியிருந்தார். பணிக்குச் சேர்ந்த ஒன்பதாம் ஆண்டு அது. எழுத்துப்பிழை இருந்தது, திருத்தவில்லை என்றார்.

இத்துறையைப் பற்றி என் நம்பிக்கையை உறுதிப்படுத்திய இன்னொன்று, அது தன் தோல்வியை மறைக்காதது. 2011இல் பின்லாந்தில் மனச்சோர்வுற்ற 79 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான மருத்துவத்தோடு இசைச் சிகிச்சையும் பெற்றவர்கள் மூன்று மாத முடிவில் கூடுதல் முன்னேற்றம் கண்டார்கள். மகிழ்ச்சியான செய்தி. 2017இலோ ஒன்பது நாடுகளைச் சேர்ந்த ஆட்டிசமுள்ள 364 குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வு வெளியாயிற்று. ஐந்து மாதச் சிகிச்சைக்குப் பின், அறிகுறிகளின் கடுமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அது கண்டது. அதை நடத்தி வெளியிட்டவர்களுள் இசைச் சிகிச்சையாளர்களே பலர். அந்தச் சிறுவன் தலையைத் திருப்பிப் பார்த்ததை நான் கண்ணால் கண்டவன். அது பொய்யாகிவிடாது, ஆனால் அதைக் கொண்டு நோய் தீரும் என்று எந்தத் தாய்க்கும் வாக்களிக்கக் கூடாது. இதைத் தெளிவாகச் சொல்லத் துணிபவரையே நான் தொழில் அறிந்தவர் என்பேன். எல்லா நோயும் எங்கள் கூட்டத்தில் தீரும் என்று சுவரொட்டி ஒட்டுவோர் நம் ஊர்களில் பெருகிவிட்ட காலத்தில் அந்தத் துணிவு சிறிதன்று.

தவணை முடிந்தது. ஃபிட்டரை அழைத்து, நான் கண்டதையும் படித்ததையும் கூடியவரை சொன்னேன். வருமானம் உடனே வராது. சில மருத்துவமனைகளில் அவள் ஒருத்தியாகவே இருக்க நேரும். என்ன வேலை என்று பல ஆண்டுகள் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. அவர் நெடுநேரம் பேசவில்லை. நான்தான் கேட்டேன், "நீங்க எப்ப ஃபிட்டர் ஆனீங்க?"

"ஐ.டி.ஐ. முடிச்சப்ப சர்ட்டிபிகேட் வந்துச்சு சாமி. அதை வச்சிக்கிட்டு அஞ்சாறு வருசம் ஸ்பானர் எடுத்துக் குடுத்திட்டுத்தான் இருந்தேன். ஒருநாள் மெஷின் ஓடுற சத்தத்தைக் கேட்டு, பேரிங் போகப்போகுதுன்னு சொன்னேன். யாரும் நம்பல. கழட்டிப் பார்த்தா அதேதான். அன்னைக்கு ஃபோர்மேன், ஏம்ப்பா ஃபிட்டர்னு கூப்பிட்டாரு. அதுவரைக்கும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாரு."

சொல்லிவிட்டு, கேளாத காதைத் தடவிக்கொண்டார். பிறகு, பாப்பாவுக்கு அங்கே மேலே இருந்து பார்த்துக்கொள்ள ஃபோர்மேன் மாதிரி யாராவது இருப்பார்களா என்று கேட்டார். பயிற்சிக் காலத்தில் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில்தான் நோயாளியைப் பார்க்க விடுவார்கள் என்றேன். விடுதிக் கட்டணம் விசாரித்தார். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வழியாகப் போனால் புதுச்சேரிக்குப் பேருந்தில் எத்தனை மணி நேரம் என்றும், கீபோர்டை மடியில் வைத்துக்கொள்ள இடம் இருக்குமா என்றும் கேட்டார்.